கச்சேரிக் கதிரையும் கணக்கின் உண்மையும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு எதனைப் பொருளாகக் கொள்ளலாம் என்று இவ்வறக்கட்டளையின் காப்பாளர்கள் வினவியபொழுது, வன்னிப் பெருநிலப்பரப்பிலே பிறந்து, பட்டம் பெற்று, இனி என்ன செய்வது என்ற விசாரத்தோடு நிற்கும் இளைஞரும் யுவதிகளும் எம்போன்ற முதியோரைக் கண்ட இடமெல்லாம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றே என் நினைவில் முந்தி நின்றது. மத்திய அரசாங்கத்தின் உயர் பதவிகளை அடைவது எவ்வாறு, அவற்றுக்கு வேண்டிய தகைமைதான் யாது என்பதே அக்கேள்வி. கச்சேரிகளிலே நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதற்கு விடை கூறும் கடமை எனக்குண்டு என்று கருதி, அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்தால் விடை சுருக்கமானது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம்; குறித்த வயதெல்லை; இலங்கைப் பிரஜாவுரிமை; நற்சான்று; திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தி; அதன்பின் நேர்முகம். ஏற்கெனவே அரச சேவையில் உள்ளவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை என்ற வேறொரு வழியும் உண்டு. இலங்கை நிர்வாக சேவையின் மூன்றாந் தரத்திலே நுழைந்தவர், கொழும்பிலுள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்திலே பயிற்சி பெற்று, வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, இரண்டாந் தரம், முதலாந் தரம், விசேட தரம் என்று படிப்படியாக ஏறுவார். பிரதேச செயலாளராகவும், மாவட்டச் செயலாளராகவும், திணைக்களத் தலைவராகவும், சிலர் அமைச்சின் செயலாளராகவும் உயர்வது இப்படிகளின் வழியேதான். இவையெல்லாம் அச்சிலே கிடைப்பவை, எவரும் வாசித்தறியலாம். அச்சிலே கிடையாத ஒன்றைப் பற்றியே நான் இங்கு விரிவாகப் பேச விரும்புகிறேன்.

எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு பணம் என்பனவற்றைத் தானே தேடி விசாரித்து, அறிந்ததை அறிந்தபடியே எழுதி, அதன் கீழே கையொப்பமிட்டு, எவர் முகஞ் சுளித்தாலும் அக்கையொப்பத்திலிருந்து பின்வாங்காதிருக்கும் மனத்திண்மையே உயர் நிர்வாகப் பதவியின் அடித்தளம் என்பது என் அபிப்பிராயம். மற்றைச் சாமர்த்தியங்கள் அனைத்தும் அதன்மீது எழுப்பப்படுபவை. இக்கருத்து புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஊர் வாரியங்களுக்குத் தெரிவாக வேண்டியோர்க்கு இருக்க வேண்டிய நிலம், மனை, வயது, கல்வி ஆகியவற்றை வரையறுத்த கையோடு, முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்தன. கல்வி மிகுந்தவராயின் நிலம் குறைந்தவரைப் பற்றிச் சாசனம் ஓரளவு தாராளம் காட்டுகிறது. கணக்குக் காட்டாதவரிடத்தில் அதற்குத் தாட்சணியம் இல்லை.

நம்முடைய நிலத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியிலே வன்னியின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபரின் கீழே, உதவி அரசாங்க அதிபர்களின் பொறுப்பிலே இருந்தது. காடும் குளமும் காய்ச்சலும் நிறைந்த இந்நாட்டிலே பணியாற்றிய சிவில் சேவையாளர்களுள் ஒருவரான ஜே. பி. லூயிஸ் என்பவர், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூல் ஒன்றை 1895ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அந்நியராகிய அவர் எழுதியவற்றுள் நாம் ஏற்கக்கூடாத அபிப்பிராயங்கள் உண்டு. ஆயினும் இம்மண்ணின் குளங்களையும் ஊர்களையும் மக்களின் வழக்கங்களையும் அறிய விரும்பும் எவரும் இன்றளவும் அந்நூலைத் தள்ளிவிட முடியாதிருப்பதற்குக் காரணம், அவர் தம் கண்ணாற் கண்டதையும் விசாரித்தறிந்ததையும் சிரத்தையோடு எழுதிவைத்தமையே. அக்காலத்து உதவி அதிபர்கள் நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியனார்ட் வூல்ஃப், 1904இன் இறுதியிலே இலங்கைக்கு இளம் உத்தியோகத்தராக வந்து, யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது எழுதிய நாட்குறிப்புகள் நூலாகவே வெளிவந்துள்ளன. எந்த ஊருக்குச் சென்றார், எந்தக் குளக்கட்டிலே உடைப்பைக் கண்டார், எவருடைய வழக்கை விசாரித்தார் என்பவை தேதிவாரியாக அங்கே நிற்கின்றன. நாட்குறிப்பு எழுதும் அவ்வழக்கம் பின்னர் நம் கச்சேரிகளிலே தேய்ந்து மறைந்தது பெரும் நட்டம் என்றே எண்ணுகிறேன்.

பரீட்சை எழுதிச் சிவில் சேவையிலே நுழைந்த முதல் இலங்கையர் நம்மவர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். கேம்பிரிட்ஜிலே கற்று, 1875ஆம் ஆண்டு, ஆங்கிலேயருக்கென்றே அமைந்திருந்த அப்போட்டியிலே சித்தியெய்திச் சேவையிற் சேர்ந்த அவர், பிற்காலத்திலே தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக விளங்கியதை யாவரும் போற்றுவர். எனக்கோ அவருடைய வாழ்க்கையில் மிகவும் மகத்தானதாகத் தோன்றுவது, பதிவாளர் நாயகமாக இருந்து காணிப் பதிவையும் பிறப்பு இறப்புப் பதிவையும் அவர் சீர்படுத்தியதும், 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டைத் தாமே நடத்தி அதன் அறிக்கையை எழுதியதும் ஆகும். ஒரு குடியானவனுடைய காணி உறுதியும், ஒரு குழந்தையின் பிறப்பும் எழுத்திலே பதிவாகி நிலைபெறுவதற்கு, வேதாந்தத்திலும் தமிழிலும் ஆழ்ந்து திளைத்த ஒரு மேதை தம்முடைய வாழ்நாளின் நல்ல ஆண்டுகளைக் கொடுத்தார் என்பதை இன்றைய மாணவர் சிந்திக்க வேண்டும்.

இங்கே சி. சுந்தரலிங்கம் அவர்களையும் நினையாமற் செல்ல முடியவில்லை. சிவில் சேவையிலே சேர்ந்து விரைவில் அதனைத் துறந்து, கணிதப் பேராசிரியராகப் புகழ்பெற்று, பின் வவுனியாவிலே வந்து வயல் செய்து, 1947இலே அத்தொகுதியின் பாராளுமன்றப் பிரதிநிதியானவர் அவர்.

சிவில் சேவை 1963ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி கலைக்கப்பட்டு, நிர்வாக சேவை அதன் ஸ்தானத்தில் அமைந்தது. விதானைமார் முறையும் அக்காலத்திலேயே ஒழிந்து, கிராம சேவகர் வந்தனர். பின் முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அதாவது, வன்னியின் கமக்காரன் ஒருவன் தன் மாவட்டத்தின் அதிபரைக் காண யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பயணஞ் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கியது அப்போதுதான். அரசாங்க அதிபர் என்ற பெயர் மாவட்டச் செயலாளர் என்று மாறிய பின்னும் நம் மக்கள் அவரை ஜீ.ஏ. என்றும், அலுவலகத்தைக் கச்சேரி என்றுமே வழங்கி வருகிறார்கள்.

கச்சேரியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அறிய விரும்பும் மாணவன், ஆண்டு தோறும் பங்குனி மாதத்தை ஒட்டி நடைபெறும் சிறுபோகக் கூட்டத்திலே ஒரு மூலையிற் போய் அமர்ந்திருக்க வேண்டும். இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நெருக்கடியைத் தணிக்கவென 1936இலே குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி எழுந்ததற்கு ஆதாரமாயிருந்தது அக்குளம். அதன் கீழே இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. குளம் முப்பத்தாறு அடியும் நிரம்பி, காலபோகத்துக்கு மாரி மழை கைகொடுத்த ஆண்டிலும், சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணுவதில்லை. ஆகவே, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, காணிக்காரர் ஒவ்வொருவருக்கும் பங்கு எவ்வளவு என்பவை ஆண்டு தோறும் புதிதாகத் தீர்க்கப்பட வேண்டும். தலைமையிலே மாவட்டச் செயலாளர் அமர்ந்திருப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, இத்தனை ஏக்கர் அடி தண்ணீர் கையிருப்பு, குடிநீருக்கும் ஆவியாதலுக்கும் போக மிகுதி இவ்வளவு என்று கணக்கை வைப்பார். உடனே மண்டபம் கொதிக்கும். கடைக்கோடிக் காணிக்காரர், சென்ற போகத்திலே தம் பக்கத்துக்குத் தண்ணீர் வந்துசேரவேயில்லை என்பார். குளக்கட்டுக்கு அண்மையிலுள்ளோர், வாய்க்காலைத் துப்புரவாக்காமல் எம்மைக் குறை கூறுவதேன் என்பார்கள். ஒருவர் பங்கு பிரித்த பெயர்ப் பட்டியலைத் தூக்கிக் காட்டி, காணியே இல்லாதவனுக்குப் பங்கு விழுந்தது எப்படி என்று கேட்பார்.

அந்நேரத்திலே அக்கதிரையில் இருப்பவர் யாது செய்ய வேண்டும்? நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழே நடைபெறும் அக்கூட்டத்தின் தீர்மானங்களுக்குச் சட்டவலு உண்டு: தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிய வேண்டிய திகதி, எத்தனை மாத நெல், கால்நடைகளைக் கட்ட வேண்டிய நாள், வாய்க்கால் பூட்டும் நாள் எல்லாம் அங்கே நிச்சயிக்கப்படும். மண்டபத்திலே கைதட்டு வாங்குவதற்காக ஆயிரம் ஏக்கரைக் கூட்டிக் கொடுப்பது மிகவும் எளிது. ஆனால் ஆடி மாதத்திலே கதிர் பறியும் வேளையிலே குளம் வற்றினால், அன்று கைதட்டியவரின் வயலே முதலிற் கருகும். ஆகவே நல்ல அதிபர், கூட்டத்துக்கு முந்திய வாரமே பொறியியலாளரோடு குளக்கட்டுக்குச் சென்று அளவுகோலைத் தம் கண்ணாற் பார்த்திருப்பார். கமநல சேவை நிலையங்களின் காணிப் பதிவேட்டைக் கிராம அலுவலரின் பட்டியலோடு ஒப்பிடுவித்திருப்பார். சென்ற ஆண்டு விதைத்த ஏக்கர் எவ்வளவு, அறுத்த ஏக்கர் எவ்வளவு என்ற வித்தியாசத்தைக் கையில் வைத்திருப்பார். அப்படிச் செய்தவரின் குரல் உயர்வதில்லை. எல்லோருடைய கோபத்தையும் கேட்டிருந்துவிட்டு, இவ்வளவுதான் தண்ணீர் என்று அவர் சொல்லும்போது, ஏசிக்கொண்டேனும் மண்டபம் அதை ஏற்கும். நான் கண்ட பரீட்சைகளுள் கடினமானது அதுவே.

கணக்கு பிழைத்தால் வருவது இன்னதென்று 2018ஆம் ஆண்டு மார்கழியிலே நாம் கண்டோம். குளம் புனரமைக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய பெருமழையிலே நீர் ஏறி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. எந்த நேரத்திலே எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற சர்ச்சை பின்னர் விசாரணை வரை சென்றது. அவ்விசாரணையின் குற்றங்குறைகளைப் பேசுவது என் நோக்கமன்று. நீர்மட்டத்தை மணிக்கொருமுறை குறித்து வைக்கும் ஒரு சிறு ஏடு எத்தனை ஆயிரம் உயிர்களோடு சம்பந்தப்பட்டது என்பதை மாத்திரம் சொல்ல விரும்பினேன்.

மொழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியதன்பின், தமிழ் உத்தியோகத்தர் குறித்த காலத்துள் சிங்களத்திலே சித்தியெய்தாவிடின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்ற நிலை வந்தது. கேகாலைக் கச்சேரியிலே எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் அவர்கள், தம் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1964இலே கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இலே உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று அதனை மாற்றியது. 1969இலே இலண்டன் கோமறைக் கழகம், வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்று கூறிற்று. ஆயினும் அச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானதா என்ற மூலப் பிரச்சினை முடிவாகத் தீர்க்கப்படாமலே 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. ஓர் எழுதுவினைஞருடைய சொற்ப சம்பள ஏற்றம் ஒரு நாட்டின் நீதிமன்றங்களை பல ஆண்டுகளாக நடுங்கவைத்தது என்றால், அதற்குக் காரணம் அவர் கேட்டது பணத்தை மட்டுமன்று என்பதை எல்லோரும் உணர்ந்திருந்தமையே. அந்தத் தலைமுறையிலே எத்தனையோ திறமைசாலிகள் சேவையை விட்டகன்றனர். எத்தனையோ பேர் பரீட்சை மண்டபத்தின் வாயிலுக்கே வரவில்லை. அந்த நட்டத்தை வன்னி இன்னும் ஈடுசெய்யவில்லை.

இன்று நிலைமை வேறு. 1987இலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007ஆம் ஆண்டு யூலை முதல் சேவையிற் சேரும் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும், சிங்களவராயின் தமிழையும், தமிழராயின் சிங்களத்தையும் குறித்த காலத்துள் கற்றுச் சித்தியெய்த வேண்டும் என்பது விதி. இவ்விதி தமிழருக்கு மீண்டும் ஒரு சுமையே என்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. இருபுறத்தாருக்கும் ஒன்றாய் அமைந்த விதி அது. அன்றியும், கொழும்பிலே அமைச்சின் கூட்டத்திலே தன் மாவட்டத்துக்குரிய ஒதுக்கீட்டைச் சிங்களத்திலேயே வாதாடிப் பெறவல்ல ஓர் அதிபரைக் கிளிநொச்சி பெற்றால், அதன் பயன் வாய்க்காலிலே ஓடும். ஆனால் வவுனியா தெற்கிலோ வெலிஓயாவிலோ தமிழ் தெரியாத உத்தியோகத்தரிடமும், தமிழ்ப் பிரதேசத்திலே சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கையினிடத்தும் அதே விதி அதே கண்டிப்போடு நடந்தால் மட்டுமே அதனை நியாயம் என்று சொல்ல நமக்கு வாய் வரும்.

பதவியின் பிறிதொரு முகத்தைக் காணிக் கச்சேரியிலே காணலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழே வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களே வன்னிக் குடியேற்றங்களின் பெரும்பகுதிக்கு ஆதாரம். போரின் பின்னர் பிரதேச செயலகத்தின் விறாந்தையிலே, பொலித்தீன் பையிற் சுற்றிய ஒரு பத்திரத்தை மடியிலே வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்திரம் கணவன் பெயரில், கணவன் இல்லை. சிலரிடம் மரண அத்தாட்சிப்பத்திரம் இருந்தது. வேறு சிலர், கணவன் காணாமற்போனவன் என்றே சொல்ல விரும்பினார்கள், இறந்தான் என்று எழுதக் கை வரவில்லை. பழைய சட்டத்தின் அட்டவணையோ, பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து ஆண்மகனை முன்னிறுத்தியது. 2022இலேதான் அது திருத்தப்பட்டது. அதற்கு முந்திய காலத்திலே, தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் மனப்பாடமாய் அறிந்த ஓர் உத்தியோகத்தருக்கு அப்பெண்ணின் கோவையைத் தள்ளிவைப்பதற்கு நூறு காரணங்கள் கிடைத்திருக்கும். அதே விதிகளை அதே அளவுக்கு அறிந்த வேறொருவர், குத்தகை, வாழ்நாள் உரிமை, நேர்விசாரணை, கிராம அலுவலரின் அறிக்கை என்று சட்டத்துள்ளேயே வழி தேடி, அவளைக் காணியிலே இருத்திவிடுவார். இரண்டு பேரும் பரீட்சையிலே ஒரே புள்ளி பெற்றவர்களாயிருக்கலாம். விதியை அறிவது தகைமையின் பாதியே. விதி எவருக்காக ஆக்கப்பட்டது என்பதைக் கோவையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நினைப்பது மறுபாதி.

இனி நான் சொல்லப்போவது பேசுவதற்கு எளிதன்று. ஆனால் வன்னியிலே நின்றுகொண்டு உயர் பதவியின் தகைமையைப் பற்றிப் பேசுகிறவன் அதனைச் சொல்லாது விட்டால், இச்சொற்பொழிவு வெறும் சம்பிரதாயமாகும்.

போர் நடந்த ஆண்டுகள் முழுவதிலும், அரசாங்கத்தின் ஆணை செல்லாதிருந்த பகுதிகளிலும் கச்சேரிகள் இயங்கின என்பதை வெளியுலகம் வியப்போடு கேட்கும். ஓய்வூதியமும், பாடசாலையும், நிவாரணப் பங்கீடும் அவற்றின் வழியாகவே நடந்தன. உத்தியோகத்தர்கள் இரு தரப்பாரின் சந்தேகத்துக்கும் ஆளாகி, நடுவே நின்றார்கள். 2008 செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. கிளிநொச்சி 2009 சனவரி 2ஆம் திகதி இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் கிழக்கே கரையோரத்துக்கு நகர்ந்தார்கள். உத்தியோகத்தர்களும் மக்களோடு நகர்ந்தார்கள். மரநிழலிலும் தறப்பாளின் கீழும் கிராம அலுவலர்கள் குடும்ப அட்டைகளை வைத்துத் தலையெண்ணினார்கள். அக்கணக்குகளைத் தொகுத்து, ஏறத்தாழ 330,000 பேர் அங்கே இருக்கிறார்கள் என்று முல்லைத்தீவு கச்சேரியின் உயர் உத்தியோகத்தர் ஒருவர் 2009 பெப்ரவரியிலே அறிக்கை செய்தார். கொழும்பிலே பேசப்பட்ட எண்ணிக்கையோ 70,000 என்றிருந்தது. அவர் கொடுத்த கணக்கு ஆதாரமற்றது என்று மேலிடத்திலிருந்து கண்டனமும், ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய எச்சரிக்கையும் வந்தமையை 2011இலே வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை கூறுகிறது. உணவுக் கப்பலும் மருந்தும் அந்த எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்பட வேண்டியவை. மே மாதத்திலே போர் முடிந்தபோது, எத்தனையோ ஆயிரம் பேர் மாண்டபின்னும், வவுனியாவின் மெனிக்பாம் முதலிய முகாம்களிலே 280,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். மரநிழலிலே எண்ணிய கணக்கு எவ்வளவு உண்மையானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கிராம அலுவலர்களுடைய பெயர்களை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. அவர்களிற் சிலர் எண்ணிக்கொண்டிருந்தபோதே மடிந்திருப்பார்கள். தப்பியவர்கள் முகாமிலே மீண்டும் பதிவேட்டைத் திறந்தார்கள். அவர்கள் நிர்வாக சேவையினர் அல்லர். சேவையின் கீழ்ப்படியிலே நின்றவர்கள். ஆனால் நான் முன்னர் கூறிய தகைமையின் பூரணமான உதாரணத்தை அவர்களிடத்திலேயே காண்கிறேன். பொய் எண் ஒன்றைக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் அவர்களுடைய மேலதிகாரிக்கும் எந்தத் தொல்லையும் வந்திராது.

இத்தகைய உத்தியோகத்தர் தோன்றி நிலைப்பதற்கு அவர்களுடைய மனவலிமை மாத்திரம் போதுமா என்று வினவுவது நியாயமே. போதாது. உண்மையைச் சொன்னவரை இடமாற்றஞ் செய்யவும் ஓரங்கட்டவும் ஒருவருடைய பேனா முனைக்கு அதிகாரம் இருக்குமிடத்தில், எல்லோரும் வீரராயிருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது கொடுமை. சோல்பரி அரசியலமைப்பின் கீழே நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்றும் சுதந்திரமான ஆணைக்குழு ஒன்றின் கையில் இருந்தன. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவற்றை அமைச்சரவையின் கைக்கு மாற்றியது. 2001இலே பதினேழாந் திருத்தம் ஆணைக்குழுவின் சுதந்திரத்தை மீட்டது, 2010இலே பதினெட்டாந் திருத்தம் பறித்தது, 2015இலே மீண்டது, 2020இலே மீண்டும் தளர்ந்தது, 2022இலே இருபத்தோராந் திருத்தம் மறுபடி கொணர்ந்தது. இருபத்தோராண்டுகளிலே ஐந்து முறை திசைமாறிய ஒரு பாதுகாப்பை நம்பி எந்த உத்தியோகத்தர் அச்சமின்றிக் கையொப்பமிடுவார்? நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றிக் கவலைப்பட வேண்டிய விடயம் இது.

சமஷ்டி நாடுகளிலே இப்பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. ஐக்கிய அமெரிக்காவிலே 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட உயர் நிறைவேற்றுச் சேவை, மாற்றத்தை வழிநடத்தல், மனிதரை வழிநடத்தல், பயன் விளைத்தல், பொருள் நிர்வாகம், பிறரோடு இணக்கங் காணல் என்ற ஐந்து தகைமைகளை விண்ணப்பதாரி தம் அனுபவத்திலிருந்து எழுத்திலே நிரூபிக்க வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்தது. பரீட்சை மண்டபத்தில் எழுதிய விடைக்குப் பதிலாக, செய்த வேலையைச் சாட்சியாகக் கேட்கும் அம்முறையில் நாம் கற்க வேண்டியது உண்டு. இந்தியாவிலே மத்திய தேர்வாணையம் தெரிந்தெடுக்கும் ஆட்சிப்பணியாளர் மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்டு, இரு அரசாங்கங்களுக்கும் பணியாற்றுகின்றனர். நம் நாடு சமஷ்டியன்று. எனினும் மாகாண சபை அமைந்த நாள்முதல், மாவட்டச் செயலாளர் மத்திக்கும், பிரதம செயலாளரின் கீழுள்ளோர் மாகாணத்துக்கும் கணக்குச் சொல்பவராக, ஒரே வீதியின் இரு ஓரங்களும் இரு அதிகாரங்களின் கீழ் வருகின்றன. வன்னியிலே பணியாற்ற வருபவர் இரு கணக்குகளையும் படிக்கத் தெரிந்தவராயிருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு யோசனையும், பெரியோர்க்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். பொது நூலகத்திலே ஓர் அறையை இதற்கென ஒதுக்குங்கள். நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடற் சேவை ஆகியவற்றின் கடந்த காலப் பரீட்சை வினாத்தாள்கள், வர்த்தமானிகள், தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள், கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள், குடிசன மதிப்பீட்டுத் தொகுதிகள், லூயிஸின் கைந்நூல் எல்லாம் அங்கே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் சிங்கள வகுப்பு நடக்கட்டும். அதற்கு வவுனியாவிலிருந்து ஆசிரியரை அழைத்துவருவது பெரிய காரியமன்று. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களாகிய நாங்கள் முறைவைத்து வந்து, உண்மைக் கோவை ஒன்றின் பெயர்களை நீக்கி மாணவர் முன் வைத்து, இதற்கு நீங்கள் என்ன குறிப்பு எழுதுவீர்கள் என்று கேட்போம். பரீட்சைக்குத் தோற்ற விரும்பும் ஒவ்வொருவரும் தம் கிராம அலுவலர் பிரிவிலே எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, எத்தனை ஏக்கர் மேட்டுநிலம், பாடசாலையை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று எண்ணி எழுதிக் கொண்டுவரட்டும். அறக்கட்டளைக் காப்பாளர்கள் இசைந்தால், வரும் சித்திரை மாதத்திலேயே கரைச்சியிலும் ஒட்டுசுட்டானிலும் இதனைத் தொடங்கலாம். முதல் மாலையின் வகுப்பை நானே எடுக்கிறேன்.